பத்தொன்பதைக் கழற்றித் தொண்ணூற்றொன்பதை

இந்த ஊர் மழைக்குத் தமிழில் பெயரில்லை.
தூறல் என்றால் கொஞ்சம் கூட,
பனி என்றால் குறைவு.
வூப்பர்டாலின் வானம்
பிழியாமல் கொடியில் போட்ட துணி.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோல்ஃப்.
உடம்பு பச்சை, இடது கதவு மட்டும்
வேறேதோ காரின் சிவப்பு.
அதன் வைப்பர் சும்மா கிடக்கும்,
நிதானமாய் அடிக்கும், வெறிபிடித்து அடிக்கும்,
இல்லாவிட்டால்
ஆறு வினாடிக்கொருதரம்,
மழை கேட்டாலும் கேட்காவிட்டாலும்.
காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இழுபட்டுக்
கீச் என்னும்.
பார்மனிலிருந்து எல்பர்ஃபெல்ட் வரை கீச்.
முதல் வீட்டு இன்சுலினுக்கு முன்னாலேயே
எனக்குப் பல் கூசிவிடும்.

ரெம்ஷைடில் உடைசல் கார் விற்கிற ஊவே,
ஒரு கட்டைவிரலில் நகமில்லாதவன்,
தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டியொன்றை
உள்ளங்கையில் உருட்டிக் காட்டினான்.
தலையில் 99 என்றிருந்தது.
"உன்னிடம் இருப்பது 19. பிடிவாதக்காரன்.
இது சொன்னால் கேட்கும்."
பன்னிரண்டு யூரோ.
கோப்பி இலவசம், வாயில் வைக்க ஏலாது.

லிடில் கடைத் தரிப்பிடத்தில்
முழங்காலுக்கு ஒரு பை விரித்து,
டார்ச்சைப் பல்லில் கவ்வி,
ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன்.
பத்தொன்பது வர மறுத்தது.
முப்பத்தைந்து வருசம் ஓரிடத்தில் இருந்தால்
நானும் மறுப்பேன்.
கடைவாய்ப்பல்லைப் போல ஆட்டி ஆட்டி எடுத்தேன்.
சாமான் வண்டியோடு நின்ற ஒருவர்
பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டார்.
எனக்கு உதவவா, என்னைப் பிடிக்கவா,
அதைச் சொல்லவில்லை.

புதியதுக்குப் பாடம் சொல்லும் முறை:
பிடியை ஒரு படி மேலே தட்டு. ஒருதரம் துடைக்கும்.
கீழே இறக்கு.
வேண்டிய அளவு சும்மா இருந்துவிட்டு
மறுபடி மேலே தட்டு.
நீ விட்ட இடைவெளியை அது எடுத்து வைத்துக்கொள்ளும்.
துடைத்ததை அல்ல,
துடைக்காமல் இருந்ததை.
சாவியை அணைத்தால் மறந்துவிடும்.
எனக்கு ஒரு நாளில் பதினொரு வீடு,
பதினொருதரம் முதலிலிருந்து சொல்லவேணும்.

வியாழக்கிழமை.
புறப்படுவதற்காகப் பிடியைக் கீழே இறக்கிய நேரம்
போனில் அட்டவணைக்காரி, ஃப்ராவ் க்ரோனெபெர்க்.
"ஜெயகௌரி, ஞாயிறும் வரமுடியுமா? ஆளில்லை."
நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துளியின் மேல் துளி ஏறிக்
கனம் தாங்காமல் வழுகியது.
எதிரே நின்ற பஸ் கலங்கி,
வெறும் மஞ்சளாகி,
பிறகு இல்லாமலே போனது.
"முடியும்" என்றேன்.
கை தானாய்ப் பிடியைத் தட்டியது.

ரோன்ஸ்டார்ஃப் வரை இருபது நிமிடம்
அதையே செய்தது அது.
ஒருதரம் துடைக்கும்.
பதினான்கு வினாடி, எண்ணிப் பார்த்தேன்,
றோட்டு கொஞ்சம் கொஞ்சமாய்க் குருடாகும்.
பிறகு வேறு வழியில்லாததுபோல்
இன்னொன்று.
என் தயக்கத்தின் நீளத்தை
இவ்வளவு திருத்தமாய்
எனக்கே யாரும் திருப்பிச் சொன்னதில்லை.

சாவியை எடுத்தேன். பெட்டி மறந்தது.
ஞாயிறு மறக்கவில்லை,
போனேன்.

அடுத்த வியாழனும் அதே குரல்.
"ஜெயகௌரி, இந்த ஞாயிறும்..."
பிடி அப்போதுதான் கீழே போயிருந்தது.
"ஏலாது."
அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது.
ஜெர்மனில் பிறகு பணிவாய், காரணத்தோடு,
மன்னிப்போடு சொன்னேன்தான்.
ஆனால் கை
முதற்சொல்லுக்கே மேலே தட்டிவிட்டது.

ஒன்றரை வினாடி.
மழையோ விட்டிருந்தது.
உலர்ந்த கண்ணாடியில் வைப்பர் பறந்து பறந்து
கீச், கீச், கீச்,
ரோன்ஸ்டார்ஃப் வரை.
சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரின் பிள்ளை
காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது.

நிறுத்தவில்லை நான்.